சம்பந்தி வீட்டுக் கள்ளி

முத்திரைக்காரர் தம் வாழ்நாளில் யாரிடமும் இரவல் வாங்கியதில்லை. இரவல் கொடுத்த பொருளை வாய்விட்டுத் திருப்பிக் கேட்டதும் இல்லை. அப்படிப்பட்டவருடைய வீட்டுக் கூடத்தில், ஜன்னலோரமாக, சம்பந்தி வீட்டுக் கள்ளிச்செடி ஒன்று வந்து உட்கார்ந்தது. அன்றிலிருந்து அவருக்குச் சோறு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதிப்பார். சரியாக இருந்தால் முத்திரை விழும், இல்லையென்றால் பறிமுதல்தான். "கிட்டத்தட்டச் சரியாத்தான் இருக்கும் சார்" என்று ஒரு கடைக்காரர் பல்லைக் காட்டினால், "கிட்டத்தட்டன்னு ஒரு படிக்கல் இருக்கா? எடுங்க, பார்ப்போம்" என்பார். முத்திரைக்காரர் என்ற பெயர் அப்படி வந்ததுதான். பெற்றவர்கள் வைத்த பெயரைவிட அந்தப் பெயர்மீது அவருக்குப் பெருமை அதிகம்.

மகளைக் கட்டிக்கொடுத்து இன்னும் ஓராண்டு ஆகவில்லை. மாப்பிள்ளையின் அம்மா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் பிரிவை நடத்தியவர். கட்டிங் மாஸ்டர் என்றால்தான் அங்கே தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் கத்தரி வைத்தது போலத்தான் பேசுவார். அவர்கள் வீட்டில் தரையைப் பெயர்த்துப் புதுக்கல் பதிக்கும் வேலை தொடங்கியபோது, தூசுக்குப் பயந்து செடியைக் கையோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"உங்க வீட்டு ஜன்னல்லதான் நல்ல வெயில் வருது அண்ணா. வேலை முடியற வரைக்கும் இங்க இருக்கட்டும்."

"இதையெல்லாம் கேக்கணுமா சம்பந்தியம்மா? எங்க வீட்டுப் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கறோம்."

"கேக்டஸ்தானே இது?" என்றார் முத்திரைக்காரரின் மனைவி.

"பார்க்கத்தான் அப்படி இருக்கும். இது கள்ளி. கேக்டஸைக் கீறினா தண்ணி வரும், இதைக் கீறினா பால் வரும். நான் வேலையை விட்டு வந்த அன்னைக்கு என் பிரிவுப் பொண்ணுங்க எல்லாம் சேர்ந்து கொடுத்தது. அந்தக் கயிறுகூட அவங்க பின்னினதுதான்."

செடி முழங்கால் உயரம் இருந்தது. மூன்று பட்டை வைத்த தண்டு, பக்கத்தில் மெழுகுவத்தி நிறுத்தியது போல நான்கைந்து கிளைகள், ஓரமெல்லாம் குட்டி முட்கள், நடுநடுவே சின்னச் சின்ன இலைகள். அது நட்டிருந்த தொட்டியை இன்னொரு பீங்கான் தொட்டிக்குள் இறக்கி, இரண்டையும் சேர்த்துத் துணி ஓரங்களில் பின்னிய வண்ணக் கயிற்றால் இறுகக் கட்டியிருந்தார்கள். மண்ணே கண்ணில் படாதபடி மேலே வெள்ளைக் கூழாங்கற்களைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். பார்க்க அழகுதான்.

"தண்ணி?" என்று கேட்டார் முத்திரைக்காரர்.

"கொஞ்சமா போதும் அண்ணா."

கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அவர் கேட்டிருக்க வேண்டும். வாழ்நாளெல்லாம் ஊராரைக் கேட்ட கேள்வி அது. ஆனால் சம்பந்தியம்மா அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். வாசல் வரைக்கும் போன சம்பந்தியை நிறுத்தி டம்ளர் கணக்குக் கேட்பது அற்பமாகப்பட்டது. உள்ளே வந்தார். வெயிலில் வந்த செடியைக் கண்டதும் மனம் பொறுக்கவில்லை. நம் வீட்டுக்கு வந்தது தாகத்தோடு இருந்தது என்ற பேச்சு நாளைக்கு வரக்கூடாது. டம்ளரை எடுத்தவர் அதை வைத்துவிட்டுச் சொம்பை எடுத்தார். விளிம்பு வரை நிரப்பி, கூழாங்கல் இடுக்கில் நிதானமாக ஊற்றினார். ஒரு சொட்டுக்கூடக் கீழே ஒழுகவில்லை. நல்ல தொட்டி என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அப்பா, அதுக்குத் தண்ணி எதுவும் ஊத்திடலியே? தொட்டியைத் தூக்கிப் பார்த்து, லேசா இருந்தாத்தான் அத்தை ஊத்துவாங்க. ஜாக்கிரதைப்பா. அத்தை அதுக்கு எத்தனை இலைன்னுகூடச் சொல்லுவாங்க. இங்க திரும்பி வந்ததும் அதைப் பார்த்துக்கற வேலையை என்கிட்ட கொடுக்கப் போறாங்களாம். வந்ததுலேர்ந்து என்னை நம்பி ஒப்படைக்கற முதல் பொருள் அதுதான்."

"நீ கவலையை விடு" என்றார் அப்பா. சொம்பைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. போனை வைத்ததும் நேரே செடியிடம் போனார்.

எடை என்று வந்துவிட்டால் அது அவருடைய களம். சமையலறை மின்தராசை எடுத்துவந்தார். முதலில் தம்மிடமிருந்த படிக்கற்களை வைத்துத் தராசையே சோதித்துக்கொண்டார். பிறகு செடியைக் கயிறு, கல், தொட்டியோடு தூக்கி வைத்தார். அன்றைய எடையை மனத்தில் பதித்துக்கொண்டார். ஊற்றிய தண்ணீர் நாளுக்கு நாள் வற்றும், எடை இறங்கும், இறங்கியபின் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவர் கணக்கு.

எடை இறங்கவில்லை.

அடுத்த நாளும் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. காலையில் பல் விளக்கியதும் தராசு, மாலையில் உலாவப் போய்வந்ததும் தராசு. முள் பட்டு விரலெல்லாம் பொத்தல். மனைவி பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனார்.

"பெத்த பிள்ளைகளைக்கூட இத்தனை தடவை எடை பார்க்கல நீங்க. கள்ளிக்கு வேலி போட்டுக் காவல் காத்த கதையால்ல இருக்கு!"

"எடை குறையல. அப்படின்னா இதுக்கு யாரோ தண்ணி ஊத்தறாங்க. நீயா?"

"நானா? கிட்டப் போனாலே குத்துது. யார் வீட்டுச் செடின்னு அதுலயே தெரியுது."

"சம்பந்தியைப் பத்தி வாயை அளந்து பேசு."

மகன் வேலை விஷயமாக வெளியூரில் இருந்தான். மனைவி இல்லையென்றால் வீட்டில் மீதி இருப்பது மருமகள் ஒருத்திதான். கண்ணாடிக் கடையில் வில்லை தேய்த்துக் கொடுக்கிறவள். வேலை விட்டு வந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரோடு ஜன்னலோரம் நின்று தன் அம்மாவோடு பேசுவது அவள் வழக்கம். அன்று மாலையும் அப்படித்தான் நின்றாள். முத்திரைக்காரரின் பார்வை டம்ளரிலேயே இருந்தது. அவள் பேசி முடித்துத் திரும்பியபோது டம்ளர் காலியாக இருந்தது.

"அம்மாடி, மிச்சத் தண்ணியை அந்தத் தொட்டியில விடற பழக்கம் உண்டா?"

"இல்ல மாமா. குடிச்சுட்டேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. தெரியாமச் செஞ்சிருந்தாலும் பரவாயில்ல. தராசு பொய் சொல்லாது."

அவள் முகம் மாறியது. "தராசு பொய் சொல்லாது, சரி. நான் சொல்லுவேனா மாமா?"

அவர் கண் மறுபடியும் டம்ளருக்குப் போனது. அது வாய்விட்டுச் சொன்னதைவிட மோசமாகிவிட்டது. அன்று முதல் அவள் ஜன்னல் பக்கமே போகவில்லை. கேட்டதற்கு "சரிங்க மாமா" என்று பதில் வந்தது. அதற்குமேல் ஒரு சொல் இல்லை. கூடத்தில் கேட்டுக்கொண்டிருந்த அவள் சிரிப்புச் சத்தம் நின்றுபோனது அவருக்கு உறைத்தது. ஆனாலும் தராசு சொன்னதை அவரால் தள்ள முடியவில்லை.

பிறகு வாடை வந்தது.

முதலில் சாக்கடை அடைப்பு என்று நினைத்தார்கள். ஜன்னலருகே போனால்தான் தெரிந்தது, ஊறிய துணி புளித்தது போன்ற வாடை. முத்திரைக்காரர் குனிந்து பார்த்தார். கல்லுக்கு மேலே, தண்டின் அடியில் பச்சை நிறம் மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாகிக்கொண்டிருந்தது. விரலால் மெல்ல அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று.

சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். மேலே பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளைகள் பச்சைப் பசேலென்று நின்றன. ஒட்டிவைத்த கல்லின் பிடியில் செடி அசையாமல் நின்றது.

அந்த நேரம் பார்த்துச் சம்பந்தியம்மா கூப்பிட்டார். "தரை வேலை முடிஞ்சுது அண்ணா. தூசு கொஞ்சம் இருக்கு, பரவாயில்ல. நாளைக்குக் காலையில வந்து எடுத்துக்கறேன். நல்லா இருக்கில்ல?"

"வாங்க சம்பந்தியம்மா" என்றார். நல்லா இருக்கா என்ற கேள்விக்கு அது பதிலில்லை என்பது அவருக்கே காதில் விழுந்தது.

போனை வைத்துவிட்டுத் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். மனைவி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கொல்லைப்புறத்திலிருந்து வந்த மருமகள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பொறுக்காமல் கேட்டுவிட்டாள்.

"உள்ள இருக்கற தொட்டியைத் தூக்கிப் பார்த்தீங்களா மாமா?"

"கட்டு அவங்க கட்டினதும்மா. ஒருத்தர் நம்பிக் கொடுத்த பொருளோட கட்டை அவிழ்க்கறது நம்ம குடும்பத்துல கிடையாது. வந்தபடியே போகணும்."

"வந்தபடி எங்க மாமா இருக்கு அது?"

அதற்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்து முடிச்சை நகத்தால் நெகிழ்த்தி அவிழ்த்தார். கத்தி வைக்கவில்லை. உள்தொட்டியைத் தூக்கியதும் வாடை மூக்கிலடித்தது. பீங்கான் தொட்டிக்கு அடியில் ஓட்டையே இல்லை. அவர் ஊற்றிய சொம்புத் தண்ணீர் போக வழியின்றி, கல் மூடியதால் ஆவியாகவும் வழியின்றி, அப்படியே தேங்கிக் கறுத்துக் கிடந்தது. அத்தனை நாளும் வேர் அதில் நின்றிருக்கிறது. எடை எப்படி இறங்கும்?

தராசு பொய் சொல்லவில்லை. அது சொன்னதை அவர்தான் தப்பாகப் படித்துவிட்டார்.

உள்தொட்டியைத் தரையில் இறக்கி வைத்தார். பிறகு நிமிர்ந்து, "உன்மேல சொன்னது தப்பும்மா. தண்ணி ஊத்தினவன் நான்" என்றார். அவர் யாரிடமும் இப்படிப் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. மனைவி திகைத்துப்போய் நின்றார்.

மருமகள் கையைத் துடைத்துக்கொண்டாள். கைப்பேசியை எடுத்துத் தேடினாள். படித்துவிட்டு வந்து அருகில் உட்கார்ந்தாள்.

"அழுகல் அடியிலேர்ந்து நடுத்தண்டு வழியா மேல ஏறுமாம். அழுகாத இடம் வரைக்கும் வெட்டி, அந்தத் துண்டைப் பால் நிக்கற வரைக்கும் கழுவி, ஒரு வாரம் பத்து நாள் நிழல்ல காயவிடணும். வெட்டுவாய் தோல் கட்டினப்புறம் காஞ்ச மணல்ல நட்டா வேர் விடலாம். விடாமலும் போகலாம். பால் கண்ணுல பட்டா ஆபத்தாம். கடையிலேர்ந்து கொண்டுவந்த பாதுகாப்புக் கண்ணாடி இருக்கு, தரேன்."

"அடுத்தவங்க செடியை அவங்க இல்லாம வெட்டறதா?"

மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தார். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "ஏங்க, நான் ஒண்ணு சொல்றேன். மேல பார்த்தா பச்சையாத்தான் இருக்கு. தண்ணியைக் கொட்டிட்டு, துடைச்சு, பழையபடி கட்டிடுவோம். ஜன்னலைத் திறந்துவிட்டா வாடை போயிடும். நாளைக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்க. அப்புறம் அவங்க வீட்டுல என்ன ஆனா நமக்கென்ன? முகம் கறுக்காம முடிஞ்சுபோகும்."

முத்திரைக்காரர் அந்த யோசனையைத் தூக்கி எறியவில்லை. எறிந்தார் என்று சொன்னால் அது பொய்யாகும். கயிற்றைக் கையில் எடுத்து, எந்த மடிப்பில் முடிச்சு இருந்தது என்றுகூடப் பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலைதான். ஆனால் இந்தப் பூசணிக்காய் மறையும். நாளைக்கு ஒரு பத்து நிமிடம் சிரித்துப் பேசினால் போதும். மகள் வீட்டார்முன் அவர் இதுவரை தலை குனிந்ததில்லை. இனியும் குனிய வேண்டியிருக்காது.

அப்போதுதான் மகள் சொன்னது நினைவுக்கு வந்தது. செடி அங்கே போனதும் அது அவள் பொறுப்பு. இன்னும் சில நாளில் அது அங்கே சரியும். யார் கையில் சரிந்ததோ அவர்தான் கெடுத்தவர். பிறந்த வீட்டில் பத்திரமாக இருந்தது, உன் கைக்கு வந்ததும் செத்தது என்பார்கள். அப்பா கட்டிய முடிச்சு மகளின் கழுத்தில் போய் விழும்.

கயிற்றைக் கீழே வைத்தார்.

"போனை எடு" என்றார். மருமகள் எடுத்துக் கொடுத்தாள். அவரே எண்ணை அழுத்தினார்.

"சம்பந்தியம்மா, செடி அழுகிடுச்சு. அடியில. மேல இருக்கறதை வெட்டினாத்தான் கொஞ்சமாவது காப்பாத்தலாமாம். உங்க அனுமதி வேணும்."

இணைப்பு துண்டிக்கப்பட்டதோ என்று கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"யாரும் கை வைக்காதீங்க" என்றது குரல். "நான் வர்றேன்."

அவ்வளவுதான். முத்திரைக்காரருக்கு அன்றிரவு உட்காரவும் பிடிக்கவில்லை, படுக்கவும் பிடிக்கவில்லை. பொழுது விடிந்ததும் குளித்து, தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு, தீர்ப்புக் கேட்கப் போகிறவர் போல வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்போதெல்லாம் சட்டையை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டார்.

கட்டிங் மாஸ்டர் வந்தார். தனியாக. கையில் ஒரு துணிப்பை. "வாங்க, உக்காருங்க" என்ற மனைவியின் உபசாரத்தைக் காதில் வாங்காமல் நேரே ஜன்னலுக்குப் போனார். அவிழ்ந்து கிடந்த கயிறு, பழுத்த தண்டு, பீங்கான் தொட்டியில் கறுத்த கறை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"யாரு இவ்வளவு தண்ணி விட்டது?"

முத்திரைக்காரரின் மனைவிக்கு வாய் முந்திக்கொண்டது. "வீட்டுல சின்னப் பொண்ணு இருக்கா, ஏதோ தெரியாத்தனமா..."

மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை மாமியாரிடம் போகவில்லை. மாமாவிடம் வந்தது.

"நான்" என்றார் முத்திரைக்காரர். "நீங்க கொஞ்சம்னு சொன்னீங்க. எவ்வளவுன்னு கேக்கல. ஒரு சொம்பு நிறைய ஊத்தினேன். அப்புறம் பழியை இந்தப் பொண்ணு மேல போட்டேன். அவ தொடக்கூட இல்ல. ரெண்டும் என் தப்பு. வேற யாருக்கும் இதுல பங்கில்ல."

முதுகு மட்டும் வளையவில்லை. சொல்லி முடித்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

கட்டிங் மாஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பையிலிருந்து ஒரு நீளமான கத்தியை எடுத்தார். "பாதுகாப்புக் கண்ணாடி இருக்குன்னு ராத்திரி உன் நாத்தனார்கிட்ட போன்ல சொன்னியாமே. ரெண்டு கொண்டு வாம்மா. ஸ்பிரிட், பஞ்சு, ஈரத்துணி எல்லாம் வேணும். அண்ணா, நீங்க மேல பிடிங்க. ஆட்டாதீங்க."

முத்திரைக்காரர் துணியைச் சுற்றிச் செடியைப் பிடித்தார். முதல் வெட்டு அழுகலுக்கு ஒரு விரற்கடை மேலே விழுந்தது. வெள்ளைப் பால் குபுகுபுவென்று வழிந்தது. ஈரத்துணியால் ஒற்றிப் பார்த்தார்கள். வெட்டுவாயின் நடுவில் காசளவுக்குப் பழுப்பு வட்டம்.

"ஏறியிருக்கு" என்றார் கட்டிங் மாஸ்டர்.

கத்தியைத் துடைத்தார். இன்னும் மேலே. மறுபடியும் பழுப்பு. இன்னும் மேலே. வட்டம் சிறுத்தது, ஆனால் போகவில்லை. ஒவ்வொரு முறை கத்தியைத் துடைக்கும்போதும் முத்திரைக்காரர் மூச்சை அடக்கிக்கொண்டார். கீழே விரித்த தாளில் துண்டுகள் குவிந்தன. கிளைகளும் தண்டோடு சேரும் இடத்தில் ஒவ்வொன்றாகப் பழுத்திருந்தன. வெட்டுகிறவர் கை ஒரு நூல்கூடக் கோணவில்லை. ஆனால் பாதுகாப்புக் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படர்ந்திருந்தது.

"இனி மிச்சம் நுனிதானே சம்பந்தியம்மா" என்றார் அவர் மெதுவாக.

"தெரியுது. பிடிங்க."

கடைசி வெட்டு. மருமகள் துணியால் ஒற்றினாள். வெள்ளை. முழு வெள்ளை. மூவரும் குனிந்து பார்த்தார்கள். ஒரு புள்ளிகூட இல்லை.

முழங்கால் உயரச் செடியில் மிஞ்சியது நுனியில் ஒரு சாண் துண்டு.

கட்டிங் மாஸ்டர் அதைக் குழாயடியில் பால் நிற்கும்வரை கழுவி, ஒரு காகிதத்தில் படுக்கவைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். அப்போதுதான் உட்கார்ந்தார். மனைவி கொண்டுவந்த தேநீரை வாங்கினார். குடிக்கவில்லை.

"எங்க வீட்டுல இன்னும் தூசு அடங்கல. வெட்டுவாய் காயற வரைக்கும் இது இங்கதான் இருக்கணும்."

"இங்கயா?" முத்திரைக்காரர் சட்டென்று நிமிர்ந்தார். "மறுபடியும் எங்ககிட்டயா?"

"உங்ககிட்ட இல்ல. உங்க மருமககிட்ட." தேநீரை ஒரு மடக்குக் குடித்தார். "எனக்குக் கோபம் இருக்கு அண்ணா. இல்லன்னு சொல்ல மாட்டேன். பதினோரு பொண்ணுங்க சேர்ந்து கொடுத்தது அது."

"எவ்வளவு கோபம் வேணா படுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என் பொண்ணுகிட்ட..."

"உங்க பொண்ணு என்ன பண்ணினா? தண்ணி ஊத்தினது அவளா?" என்று கத்தரித்தார் கட்டிங் மாஸ்டர். "நேத்து எனக்குச் சொல்லாம, கயித்தைப் பழையபடி கட்டிக் கொடுத்திருந்தீங்கன்னா அது அவ கையில செத்திருக்கும். நானும் அவளைத்தான் கேட்டிருப்பேன். நல்லாவே கேட்டிருப்பேன். அது எனக்குத் தெரியாதா?"

பையை எடுத்துக்கொண்டார். கயிற்றையும் எடுத்துக்கொண்டார். வாசல்வரை போய், மருமகளை மட்டும் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவள் தலையாட்டினாள். முத்திரைக்காரர் கூடத்திலேயே நின்றார். என்ன சொன்னார் என்று கேட்க மனம் துடித்தது. கேட்கவில்லை.

துண்டைப் புத்தக அலமாரியின் மேல்தட்டில், வெயில் படாத மூலையில் மருமகள் படுக்கவைத்தாள். அடிப்பக்கத்தில் இன்னும் ஈரம் மினுங்கியது. அது காய வேண்டும், தோல் கட்ட வேண்டும், பிறகு வேர் விட வேண்டும். விடலாம், விடாமலும் போகலாம்.

முத்திரைக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். அடியில் உண்மையிலேயே பழுப்பு இல்லையா, அல்லது தம் கண்தான் சரியாகப் பார்க்கவில்லையா என்று ஒரு சந்தேகம் எழுந்தது. திருப்பிப் பார்க்கக் கையை நீட்டினார்.

"மாமா" என்றாள் மருமகள்.

கையை மடக்கிக்கொண்டார்.

"சரிம்மா" என்றார்.